செப்பு வாஷரும் பந்தயக் காரும்

ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று அரசு விதித்திருக்கும் தடை. மண்டபம் என்ற கடலோர ஊரில் அந்த இரண்டு மாதமும் கடல் ஓய்வெடுக்கும். கரையில் இருக்கும் மெக்கானிக்குகளுக்கு ஓய்வே இருக்காது. வருடம் முழுக்க ஓடிய இன்ஜின்களைப் பிரிப்பதும் டீசல் லைன்களைக் கழற்றி ஊதுவதும் அப்போதுதான் நடக்கும்.

அப்படி ஒரு நாளில், மண்டபத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பதைக் கடந்த மெக்கானிக் ஒருவர் லேலண்டு இன்ஜினின் டீசல் பம்ப்பிலிருந்து சிறிய செப்பு வாஷர்களைக் கழற்றி, ஒரு கம்பியில் பூ கோப்பதுபோல் கோத்தார். கேஸ் அடுப்பின் தீயில் அவை செக்கச் சிவக்கும்வரை காட்டினார். பிறகு பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சட்டியில் போட்டார். 'சொய்ங்' என்ற சத்தம் அடங்கியதும் ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "இப்ப நகத்தால அழுத்திப் பாருங்க சார்" என்றார். சற்றுமுன் இரும்பு போல விறைத்திருந்த வாஷர், நகம் பட்டதும் லேசான கோடு வாங்கியது.

இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது இறுகும் என்று நமக்குத் தெரியும். கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்கு நீர் காட்டுவது அதற்காகத்தான். செம்பு நேர்மாறு. செம்பின் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடுக்குகளில் இருக்கும் சிறு பிசகுகள் நகர்வதால்தான் அந்த உலோகம் வளைந்துகொடுக்கிறது. போல்ட்டை இறுக்க இறுக்க இந்தப் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர வழியில்லாமல் போகும். அப்போது வாஷர் விறைத்துவிடும். தீயில் காட்டினால் அணுக்கள் புதிதாக ஒழுங்குபடும், சிக்கல் அவிழும், செம்பு மறுபடி மென்மையாகும். தண்ணீரில் போடுவது சீக்கிரம் ஆறவும் மேலே படிந்த கருப்பு ஆக்சைடு அடுக்கு உதிரவும்தான். செம்பை அது இறுக்காது. மென்மையான வாஷர் போல்ட்டின் அடியில் நசுங்கி, கண்ணுக்குத் தெரியாத கீறல்களையெல்லாம் நிரப்பும். டீசல் கசியாது. காற்றும் உள்ளே போகாது.

அந்தக் கொட்டகையின் மூலையில் நீலத் தார்ப்பாய் விலகிய நிலையில் ஒரு கார் நின்றது. பழைய மாருதி எஸ்டீம். பின் சீட் இல்லை, உள் அலங்காரம் எதுவும் இல்லை, இரும்புக் குழாயில் கூண்டு மட்டும். மெக்கானிக்கின் அக்கா மகன், பொறியியல் படிக்கிறவன், பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதற்காக அதை மாற்றிக்கொண்டிருக்கிறான். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்ட வேண்டும், பிறகு இருங்காட்டுக்கோட்டையில் ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை.

நம் ஊருக்கு இந்த ஆசை புதிதில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில், 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. சாதாரண மாருதி 800-ன் இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டிய கோவை கரிவர்தனின் பெயரைத்தான் செட்டிப்பாளையத்துத் தடம் தாங்கி நிற்கிறது. கையில் கிடைக்கும் பாகங்களிலிருந்து வேகத்தை உண்டாக்கும் வழக்கம் நமக்கு அவர் காலத்திலிருந்தே உண்டு.

பையன் தான் வாங்கியிருந்த பொருள்களை ஒரு சாக்கின் மேல் பரப்பிக் காட்டினான். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பெட்ரோல் பம்ப். சிவப்பும் நீலமுமாக மின்னும் அலுமினிய இணைப்புகள். எவர்சில்வர் கம்பி பின்னிய ஹோஸ், அதுவும் அரை அங்குலம். மாமன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மாப்ள, இந்த இன்ஜினு மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்?"

பையனிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். நம் ஊரில் வண்டி மாற்றும் இளைஞர்கள் பெரும்பாலும் பம்ப்பின் அளவை முதலில் முடிவுசெய்கிறார்கள். எரிபொருள் எது, எவ்வளவு வேண்டும், எந்தக் காற்றில் அந்தப் பாகம் வாழப்போகிறது என்ற மூன்றையும் கேட்பதே இல்லை.

கணக்கு எளிது. நன்றாக டியூன் செய்த, டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் முழு வேகத்தில் ஒரு கிலோவாட் திறனை ஒரு மணி நேரம் தர ஏறக்குறைய 300 கிராம் பெட்ரோல் எரிக்கும். எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜினைச் சிரமப்பட்டு 100 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்ததாக வைத்துக்கொள்வோம். அது சுமார் 75 கிலோவாட். மணிக்கு 22 கிலோவுக்குச் சற்று மேல், அதாவது 30 லிட்டர் பெட்ரோல். கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொண்டால்கூட 40 லிட்டர் தாண்டாது. 255 லிட்டர் பம்ப் எதற்கு?

பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். நல்லதில்லை. இன்ஜின் எடுத்துக்கொள்ளாத பெட்ரோல் முழுவதும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாகத் திரும்பவும் டேங்குக்கு வர வேண்டும். மணிக்கு 200 லிட்டருக்கு மேல் சும்மா சுற்றும். சுற்றும்போதெல்லாம் பம்ப் மோட்டாரின் சூட்டையும் இன்ஜின் அறையின் சூட்டையும் வாங்கிக்கொண்டு டேங்கைச் சூடாக்கும். மே மாத வெயிலில் இருபது நிமிடப் பந்தயம் முடிவதற்குள் பெட்ரோல் கொதிக்கும் நிலைக்கு நெருங்கி, குமிழி கட்டத் தொடங்கும். குமிழியைப் பம்ப் தள்ளாது. வண்டி இழுக்காது. போதாததற்கு, திரும்பும் குழாய் பழையபடி ஒல்லியாக இருந்தால் அவ்வளவு பெட்ரோல் அதில் அடங்காமல், ரெகுலேட்டரில் என்ன அழுத்தம் வைத்தாலும் அதற்கு மேல் ஏறி நிற்கும்.

பம்ப்பின் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது எந்த அழுத்தத்தில், எத்தனை வோல்ட்டில் அளந்தது என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரி இன்ஜின்களில் இன்ஜெக்டர் முன் அழுத்தம் சுமார் 3 பார். டர்போ மாட்டி 1 பார் காற்றுத் திணித்தால், பம்ப் 4 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். அழுத்தம் ஏற ஏறத் தள்ளும் அளவு குறையும். மெல்லிய பழைய ஒயரில் ஒரு வோல்ட் வழியிலேயே தொலைந்தாலும் குறையும். ஆகவே பெரிய பம்ப் வாங்கும் காசில் பாதியை வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயரும் ரிலேயும் போடுவது உத்தமம். மண்டபத்தில் அந்த ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்க வேண்டும். வெறும் செம்பு ஒயருக்குள் உப்பு ஏறிப் பச்சை பூத்துவிடும்.

இன்ஜெக்டருக்கும் இதே கணக்குதான். மணிக்கு 30 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர். நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலைக்கு 125. எந்த இன்ஜெக்டரையும் ஓயாமல் திறந்தே வைக்கக் கூடாது. கிடைக்கும் நேரத்தில் 80 சதவீதம் திறந்தால் போதும் என்பது வழக்கம். அப்படியானால் நிமிடத்துக்கு 155, 160 மில்லிலிட்டர் தரும் இன்ஜெக்டர் இந்த வண்டிக்குப் போதும்.

இதெல்லாம் சுத்தப் பெட்ரோலுக்கான கணக்கு. இன்று பங்கில் கிடைப்பது சுத்தப் பெட்ரோல் இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவைக்கு ஏறக்குறைய 13.5 வரும். அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் போக வேண்டும் என்று அர்த்தம். நம் 30 லிட்டர் கணக்கு 32 ஆகும். இன்ஜெக்டர் 165, 170-க்கு ஏறும். அளவில் பெரிய மாற்றமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

எத்தனால் தண்ணீரை இழுக்கும். 10 சதவீதக் கலவையில் அரை சதவீதம் அளவுக்குத் தண்ணீர் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். 20 சதவீதக் கலவை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பம்ப்பின் வாய் இருப்பதும் டேங்கின் அடியில்தானே. கடலோரத்தில், பந்தயத்துக்குப் பந்தயம் மூன்று மாதம் கொட்டகையில் நிற்கும் காரின் டேங்க், பகலில் சூடாகிக் காற்றை வெளியே விடும்; இரவில் குளிர்ந்து ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். படகுக்காரர்களுக்கு இந்தச் சங்கதி நன்றாகத் தெரியும். டீசல் டேங்கின் அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் திருகைத் திறந்து வடித்துவிட்டுத்தான் இன்ஜினை எடுப்பார்கள். பந்தயம் முடிந்து வந்ததும் காரின் டேங்கை முழுக்க வடித்துவிட வேண்டும். பழைய பெட்ரோலை அடுத்த பந்தயத்துக்கு வைத்திருக்கவே கூடாது.

எத்தனாலின் இன்னொரு குணம், ரப்பரைப் பதம் பார்ப்பது. எஸ்டீம் விற்பனையான காலத்தில், 1994 முதல் 2007 வரை, யாரும் 20 சதவீதத்தை எதிர்பார்த்து ஹோஸ் செய்யவில்லை. சாதாரண நைட்ரைல் ரப்பர் எத்தனாலைக் குடித்து உப்பும். பிறகு காய்ந்து வெடிக்கும். ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 என்றிருந்தால் அது கார்புரேட்டர் வண்டிக்கான குறைந்த அழுத்த ஹோஸ். ஆர்9 என்றால் உள்பக்கம் ஃப்ளூரோ ரப்பர் பூசியது. இன்ஜெக்டர் அழுத்தத்தைத் தாங்கும், எத்தனாலையும் தாங்கும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியே கிடக்க வேண்டிய துண்டுக்கு ஆர்10 தனியாக உண்டு. வெளியே போடும் ஹோஸை உள்ளே போட்டால் வெளித்தோல் ஊறிக் கரைந்து பம்ப்பை அடைத்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஊர் ஜே.சி.பி. வண்டிகளுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் நசுக்கித் தரும் கடைகள் வந்துவிட்டன. "200 பார் தாங்குற ஹோஸ் தம்பி, உன் 3 பாருக்கு என்ன?" என்று அங்கே சொல்வார்கள். அழுத்தம் தாங்குவது வேறு, பெட்ரோல் தாங்குவது வேறு. அந்த ஹோஸ் எண்ணெய்க்காகச் செய்தது. பெட்ரோல் அதன் உள்சுவரில் ஊறி, மெல்ல மெல்ல வெளியே வியர்க்கும்.

எல்லாவற்றையும் தாங்குவது டெஃப்லான் உள்குழாய் வைத்த ஹோஸ். அதிலும் கருப்பு நிற உள்குழாயாகப் பார்த்து வாங்க வேண்டும். டெஃப்லான் மின்சாரம் கடத்தாது. வேகமாக ஓடும் பெட்ரோல் சுவரில் உரசி உரசி நிலைமின்னூட்டம் சேரும். அது பொறியாகப் பாய்ந்து குழாயில் ஊசித்துளை போட்டுவிடும். கரித்தூள் கலந்த கருப்புக் குழாய், சேரும் மின்னூட்டத்தை அப்போதைக்கப்போது இணைப்புக்குக் கடத்திவிடும். வெள்ளைக் குழாய் பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவு, பெட்ரோலுக்கு வேண்டாம்.

இனி அந்த வண்ண வண்ண இணைப்புகள். இவை ஏ.என். வகை. ஏ.என். என்பது அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானங்களுக்காக வகுத்த அளவுமுறை. எண்ணைப் பதினாறால் வகுத்தால் குழாயின் வெளிவிட்டம் அங்குலத்தில் வரும். 6 என்றால் 6/16, அதாவது முக்கால் அங்குலத்தில் பாதி; 9.5 மில்லிமீட்டர். 8 என்றால் அரை அங்குலம். மணிக்கு 32 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 6 தாராளம். பையன் வாங்கியிருந்தது 8.

இந்த இணைப்பில் கசிவைத் தடுப்பது மரை இல்லை. கூம்பான ஒரு முகம் இன்னொரு கூம்பில் அமர்வதுதான். கூம்பின் கோணம் 37 பாகை. சாதாரண வாகனக் குழாய்களில் வரும் விரிப்பு 45 பாகை. இரண்டையும் மாற்றி மாட்டினால் கையில் நன்றாக ஏறும், ஸ்பேனரில் இறுகவும் செய்யும், ஆனால் விளிம்பில் ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். இன்ஜின் அதிர்வில் நாலாவது சுற்றிலேயே வியர்க்கும். உடனே நம்மவர்கள் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவார்கள். மரையில் டேப் சுற்றுவதால் கூம்பு முகத்தில் எந்த மாற்றமும் வராது. டேப்பின் நூல் ஒன்று அறுந்து உள்ளே போனால் நேராக இன்ஜெக்டரின் மூக்கில் போய் உட்காரும். கசிந்தால் கழற்றி, முகத்தைத் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் மாற்ற வேண்டும். வேறு மருந்து இல்லை.

மாமன் அந்த நீல இணைப்பை எவர்சில்வர் பின்னலோடு சேர்த்துப் பிடித்து, "இது ரெண்டும் இங்க ஒண்ணா வாழாது மாப்ள" என்றார். மண்டபத்தில் நாற்பது வருடம் இன்ஜின் பார்த்தவரின் தீர்ப்பு அது. அதன் பின்னால் உள்ள அறிவியல் அந்த ஊரிலேயே இருக்கிறது.

மண்டபம் ஒரு மெல்லிய நிலத்துண்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில் வடகடல் பொங்கும். கச்சான் காற்று அடித்தால் தென்கடல் குமுறும். வருடத்தின் எந்த மாதமும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து அலை உடைந்து உப்புத்துளி காற்றில் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தத் துளி உலோகத்தில் படிந்து காய்ந்தால் உப்பு மட்டும் மிஞ்சும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர் கோத்துக்கொள்ளும். நம் வீட்டு உப்பு ஜாடியில் மழைக்காலத்தில் பார்ப்பதுதான். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதம் ஈரப்பதமே போதும். மண்டபத்துக் காற்று அவ்வளவு வறண்டுபோவது அபூர்வம். ஆகவே இங்கே ஒரு போல்ட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் இரவும் பகலும் காயாமல் இருக்கிறது.

அந்தப் படலத்தில் அலுமினியமும் எவர்சில்வரும் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி. உப்புநீரில் இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கும் மேல் வேறுபாடு. எவர்சில்வருக்கு ஒன்றும் ஆகாது. அலுமினியம் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துக் கொடுத்துக் கரையும்; மேலே வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பின்னல் கம்பியின் பரப்பு பெரிது, இணைப்பின் கழுத்தில் வண்ணப் பூச்சு உரிந்த இடமோ சிறிது. இந்த விகிதம்தான் ஆபத்து. மொத்த மின்னோட்டமும் அந்தச் சிறு இடத்திலேயே குவிந்து குழி பறிக்கும். ஸ்பேனர் பட்ட இடத்தில்தான் பூச்சு முதலில் உரியும். இணைப்பு அதிக விசை தாங்க வேண்டியதும் அங்கேதான்.

அரிப்பை ஆராய்வதற்கென்றே மண்டபம் முகாமில் ஒரு நிலையம் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் கிளை அது. உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் உப்புக் காற்றில் வைத்து, மாதக்கணக்கில் விட்டு, எடுத்துச் சுத்தம் செய்து எடை போடுவார்கள். எவ்வளவு எடை குறைந்ததோ அவ்வளவும் காற்று தின்றது. பக்கத்திலேயே இன்னும் பெரிய சோதனை நடந்திருக்கிறது. 1914 பிப்ரவரி 24-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை அரிப்பிலிருந்து காப்பாற்ற தொடர்ந்து வண்ணம் பூச வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தின் கான்கிரீட்டுக்குள் எவர்சில்வர் கம்பியும், இரும்பின் மேல் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே அந்தக் கவனம் வேண்டியிருக்கும் இடத்தில், கட்டைவிரல் அளவு இணைப்பு எம்மாத்திரம்?

அப்படியானால் இங்கே எதைப் போடுவது? எவர்சில்வர் பின்னல் என்றால் இணைப்பும் எவர்சில்வராகவே இருக்கட்டும். கொஞ்சம் கனம், விலையும் கூடுதல், ஆனால் பேட்டரி உண்டாகாது. அல்லது நைலான் பின்னல் போட்ட கருப்பு ஹோஸோடு அலுமினிய இணைப்பு. இடையே எவர்சில்வர் இல்லை. நைலான் பின்னலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. எவர்சில்வர் பின்னல் ரம்பம் மாதிரி. அதிர்வில் எதன்மேல் உரசினாலும் அறுத்துவிடும், பக்கத்துப் பிரேக் குழாய் உட்பட. காரின் அடியில் நீளமாக ஓடும் குழாய்க்கு நிக்கல் கலந்த செம்புக் குழாய் மிக நல்லது. கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களே அதில்தான். தனிச் செம்புக் குழாய் வேண்டாம். வளைக்க எளிதாக இருக்கிறது என்று ஆசைப்படுவோம். ஆனால் அதிர்ந்து அதிர்ந்து விறைத்து வெடித்துவிடும், முதலில் சொன்ன அதே வாஷர் கதை. பெட்ரோல் கெட்டுப் பிசின் கட்டுவதையும் செம்பு துரிதப்படுத்தும். துத்தநாகம் பூசிய டேங்கும் கூடாது. எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தால் துத்தநாகம் கரைந்து வடிகட்டியில் வந்து நிற்கும்.

டேங்க் விஷயத்தில் படகும் காரும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. காற்று அடித்துப் படகு உருளும்போது டேங்கின் அடியில் பல மாதம் படிந்த கசடு கலங்கி, ஃபில்டரை அடைத்து, நடுக்கடலில் இன்ஜினை நிறுத்தும். அதனால் விவரமான படகுக்காரர் இன்ஜினுக்கு மேலே சின்ன டேங்க் ஒன்று தனியாக வைத்து, வடித்த டீசலை அதில் நிரப்பிவிட்டுத்தான் புறப்படுவார். பந்தயக் கார் வளைவில் திரும்பும்போது அதன் எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் இழுக்குமானால், டேங்கிலுள்ள பெட்ரோலின் மட்டம் 45 பாகை சாய்ந்து நிற்கும். கால் டேங்க்தான் இருக்கிறது என்றால் பம்ப்பின் வாய் வெறும் காற்றில் நிற்கும். முழு வேகத்தில், அரை நொடி பெட்ரோல் குறைந்தாலும் கலவை வறண்டு, சூடு ஏறி, பிஸ்டனில் ஓட்டை விழலாம். இதற்குப் பந்தயக்காரர்கள் செய்வதும் படகுக்காரர் செய்வதுதான். ஒன்றரை, இரண்டு லிட்டர் பிடிக்கும் சிறு உருளை டேங்க் ஒன்று. பெரிய டேங்கிலிருந்து ஒரு சிறு பம்ப் அதை எப்போதும் நிரப்பிக்கொண்டே இருக்கும். முக்கியப் பம்ப் அதன் அடியிலிருந்து எடுக்கும். உறிஞ்சும் பக்கத்தில் 100 மைக்ரான் வலை, தள்ளும் பக்கத்தில் 10 மைக்ரான் ஃபில்டர். மாற்றி மாட்டினால் பம்ப் மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

உறிஞ்சும் பக்கத்துக் கசிவைக் கண்டுபிடிப்பது கடினம். அங்கே பெட்ரோல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். "வெளிய ஒழுகுறதக் கண்ணு காட்டிக் குடுத்துரும், உள்ள இழுக்குறத இன்ஜின்தான் சொல்லும்" என்றார் மாமன்.

தள்ளும் பக்கத்துக் கசிவு உயிரைக் கேட்கும். டீசலைச் சூடாக்கினால்தான் தீப்பிடிக்கும் ஆவி வரும். பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகையிலேயே பற்றக்கூடிய ஆவியை விடுகிறது. 3 பார் அழுத்தத்தில் ஒரு ஊசித்துளை போதும். பனிபோலத் தெளித்து, சூடான சைலன்சர் குழாயைத் தேடிப் போகும்.

2020 நவம்பர் 29, பஹ்ரைன். ஃபார்முலா 1 பந்தயத்தின் முதல் சுற்றில் ரொமேன் குரோஷானின் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. ஏறத்தாழ 28 நொடி அவர் தீக்குள் இருந்தார். கைகளில் தீக்காயத்தோடு உயிர் தப்பினார். சர்வதேச மோட்டார் சம்மேளனம் விசாரித்துச் சொன்னதை இந்தத் துறையில் கை வைக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். எரிபொருள் வெளியேறிய முதன்மையான வழிகள் இரண்டு: டேங்கின் இடப்பக்கத்து மூடி பெயர்ந்தது, இன்ஜினுக்குப் போகும் குழாயின் இணைப்பு டேங்கின் பாதுகாப்புப் பையிலிருந்து பிய்ந்தது. உலகிலேயே கவனமாகக் கட்டப்படும் கார்களில் ஒன்றிலும் வழி திறந்தது மூடியிலும் இணைப்பிலும்தான்.

பையன் அன்று மாலையே 255 லிட்டர் பம்ப்பைக் கடைக்குத் திருப்பி அனுப்ப ஒத்துக்கொண்டான். நீல இணைப்புகளை விட மனம் வரவில்லை. அவை மாமனின் மேசை இழுப்பறைக்குப் போயின. இன்ஜெக்டர் குழாயின் முனையில் இருந்த பேஞ்சோ போல்ட்டுக்கு மட்டும் பழைய செப்பு வாஷர் இரண்டு தேவைப்பட்டது. மாமன் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார், பெட்ரோல் இருக்கும் காரிலிருந்து இருபதடி தள்ளி, கொட்டகைக்கு வெளியே.

வண்டி மாற்றும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். தடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும், இன்ஜினை எடுக்காமல் பம்ப்பை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒரு வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள். ஒரு தாள் நனைந்தாலும் அன்று வண்டியை எடுக்காதீர்கள்.